கவர் லெட்டரில் என்ன எழுதுவது? – சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவள்

திருச்சிப் பெண்:
வணக்கம். கல்யாணமாகி எட்டு மாதம் முன்பு இங்கே வந்தேன். கணவர் இந்த ஊர்க்காரர், மலேசியக் குடிமகன். நான் பி.காம்.; ஊரில் ஓர் அரிசி ஆலையில் நாலு வருடம் கணக்கு பார்த்தேன். ஈப்போ, கோலகங்சார் வரை பதினாறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை. கூடவே கவர் லெட்டரும் வேண்டும் என்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?

சுங்கை சிப்புட் அக்கா:
தங்கச்சி, நானும் பட்டுக்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். இப்போது ஒரு செம்பனை (பாமாயில்) ஆலை அலுவலகத்தில் இருக்கிறேன். கிராணி (குமாஸ்தா) வேலைக்கு வரும் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பது நான்தான்.

உன் விசா பாஸ் பற்றி அந்த ரெஸ்யூமேயில் எங்கேயாவது எழுதியிருக்கிறாயா? இந்திய முகவரியில் படிப்பு, இந்தியாவில் வேலை என்று பார்த்ததும் “இந்தப் பெண்ணுக்கு நாம்தான் பெர்மிட் எடுக்க வேண்டுமோ” என்ற பயம்தான் அவர்களுக்கு முதலில் வரும். வந்த புதிதில் நான் அனுப்பிய கடிதங்களும் அப்படித்தான் போயின. ஓர் அலுவலக மேனேஜரைப் பிறகு கோயிலில் பார்த்தபோது, “நல்ல கடிதம்தான்மா, உனக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டேன்” என்றார். ஒரு வரி எழுதாததால் ஒரு வருடம் போனது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

குடிமகனின் மனைவிக்குக் கிடைக்கும் நீண்டகாலச் சமூக வருகை பாஸில் வேலை செய்யக்கூடாது என்றுதான் பொதுவாக இருக்கும். ஆனால் குடிநுழைவுத் துறையில் விண்ணப்பித்து வேலைக்கான அனுமதியை அதில் பதிய வைக்கலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் என்னென்ன தாள் வேண்டும் என்று கேள். பதிந்தாகிவிட்டது என்றால் கடிதத்தில், “மலேசியக் குடிமகனின் மனைவி. வேலை செய்யும் அனுமதி என் பாஸில் பதியப்பட்டிருக்கிறது” என்று எழுது. இன்னும் பதியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. கணவர் வெளிநாட்டவருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலைக்கு வந்து, அவரைச் சார்ந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அந்தப் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு வேலையில் சேர முடியாது.

அடுத்தது, கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தாய் என்று முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ரெஸ்யூமேயில் இருப்பதை அப்படியே திரும்ப எழுதாதே. விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் நீ உண்மையில் செய்த இரண்டு வேலையை மட்டும் எடுத்துச் சொல்.

திருச்சிப் பெண்:
நன்றி அக்கா. பாஸில் போன மாதமே பதிந்துவிட்டார்கள், எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை! நான் எழுதி வைத்திருக்கும் தொடக்கத்தின் பொருள் இது: “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு கொடுத்தால் என்றென்றும் நன்றியுடன் இருப்பேன். எந்த வேலையும் செய்யத் தயார். டேலி, ஜிஎஸ்டி தெரியும். மாதம் 40 லட்சம் கொள்முதல் பார்த்திருக்கிறேன்.”

சுங்கை சிப்புட் அக்கா:
முதல் இரண்டு வரியை எடுத்துவிடு. உன் படிப்புக்கும் உழைப்புக்கும் கெஞ்ச வேண்டியதில்லை. “எந்த வேலையும்” என்றால் எந்த வேலைக்கு எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. சம்பளம் கேட்டிருந்தால் மட்டும் எழுது. “எவ்வளவு கொடுத்தாலும் சரி” என்று எழுதவே எழுதாதே. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதையாவது மனதில் வைத்துக்கொள்.

லட்சம் என்ற கணக்கு இங்கே சீன முதலாளிக்கும் மலாய் மேனேஜருக்கும் புரியாது. 40 லட்சம் ரூபாயை 4 மில்லியன் இந்திய ரூபாய் என்று மாற்று. ஜிஎஸ்டி இங்கே 2015-இல் வந்து 2018-இல் போய்விட்டது, இப்போது எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி. ஆகவே “இந்திய ஜிஎஸ்டி கணக்கு” என்று தெளிவாகச் சொல். டேலியை எழுதலாம், ஆனால் சின்னக் கம்பெனிகளில் எஸ்க்யூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள்களைத்தான் அதிகம் பார்க்கலாம். அதில் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தால் அப்படியே சொல். பிளஸ் டூ என்றாலும் தெரியாது. இங்கே பள்ளித் தேர்வு என்றால் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்றுதான் பேச்சு. “12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு” என்று விளக்கு.

உன் கையில் இருக்கும் பெரிய பலம் அந்த அரிசி ஆலைதான், நீயோ அதை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். நெல் லாரியை எடை போட்டு, ஈரப்பதம் பார்த்துக் கழித்து, விவசாயிக்குப் பணம் போட்டிருப்பாய் அல்லவா? இங்கே செம்பனைக் குலை லாரி எடைமேடையில் ஏறும். பழுக்காத குலை, நீளத் தண்டு பார்த்துக் கழிப்பார்கள். பிறகு சிறுதோட்டக்காரருக்குப் பணம். அதே வேலைதான்! தோட்டத்து ஆபிசுக்கோ ஆலைக்கோ எழுதினால் இதை இரண்டாம் பத்தியில் முழுசாகச் சொல். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தெலுக் இந்தான் அண்ணன்:
குறுக்கே ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், பிடிஎப் ஆக்குங்கள். கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வையுங்கள்.

திருச்சிப் பெண்:
மலாயில் எழுத வேண்டுமா அக்கா?

சுங்கை சிப்புட் அக்கா:
விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில் எழுது. மலாய்க் கடிதம் என்றால் “துவான் / புவான்” என்று தொடங்கி, அதன் கீழே எந்த வேலைக்கு விண்ணப்பம் என்று தலைப்பு போட்டு, கடைசியில் “செக்கியான், தெரிமா காசே” வரும். கணவரிடம் காட்டித் திருத்திக்கொள். ஆனால் உனக்கு மலாய் எவ்வளவு வரும் என்று உள்ளதைச் சொல், நேர்காணலில் உடனே தெரிந்துவிடும்.

திருச்சிப் பெண்:
இரண்டாம் பத்தியை மாற்றினேன்: “ஆலையில் மாதம் சுமார் 30 லாரிகளின் எடைச் சீட்டைச் சரிபார்த்து, ஈரப்பதக் கழிவு போட்டு, மூன்று நாளுக்குள் விவசாயிகளுக்குப் பணம் அனுப்பினேன். மாதக் கொள்முதல் 4 மில்லியன் இந்திய ரூபாய்.”

சுங்கை சிப்புட் அக்கா:
இது கடிதம்! ஒரே ஒரு திருத்தம். “ஆலை”க்கு முன்னால் “அரிசி” சேர். இந்தப் பக்கம் ஆலை என்றால் செம்பனை ஆலை என்றுதான் நினைப்பார்கள்.