அசெம்பிளி லைனில் ரிலீவரை எங்கே நிறுத்துவது?

ஒரகடம் பகுதியில் ஒரு கார் தொழிற்சாலையின் டிரிம் லைனில் (வயரிங், டேஷ்போர்டு போன்ற பாகங்களை வண்டியில் பொருத்தும் வரிசை) நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, நிலையான ஸ்டேஷன் (லைனில் ஒரு குறிப்பிட்ட வேலை நடக்கும் இடம்) இல்லாமல் தேவைப்படும் இடத்துக்குச் சென்று கைகொடுக்கும் ரிலீவர்களுக்கு வேலை ஒதுக்குவது என் பொறுப்பாக இருந்தது. ஸ்டேஷனில் சிக்கல் என்று அறிவிக்கும் ஆண்டான் விளக்கு எரிந்த பிறகே ஆளை அனுப்புவது அங்கே வழக்கம். அது பெரும்பாலும் காலங்கடந்த உதவியாகவே முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் இடைவேளைகள் போக 460 நிமிடங்களில் 460 வண்டிகள் வெளிவர வேண்டுமானால், ஒரு ஸ்டேஷனுக்குக் கிடைப்பது 60 நொடிகள். ஸ்டேஷன் ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம் என்றால், நான்கு ஸ்டேஷன் தள்ளி நிற்பவர் வந்து சேர்ந்து கருவியைக் கையில் எடுப்பதற்குள் அதில் பாதி கரைந்துவிடும். நடக்கும் நேரமும் வேலை நேரமே என்பதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

எங்கே நெருக்கடி வரும் என்பது முன்கூட்டியே தெரியக்கூடியதுதான். சன்ரூஃப் உள்ள வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் கூரைவேலை ஸ்டேஷன் திணறும். வண்டிகளின் வரிசைப் பட்டியலோ ஷிஃப்ட் தொடங்கும்போதே நம் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ரிலீவருக்கும் அருகருகே உள்ள சில ஸ்டேஷன்களை மட்டும் ஒதுக்கி, அந்த வண்டிகள் வருவதற்கு முன்பே உரிய இடத்தில் நிற்கச் செய்தோம். விளக்கு எரிவது கண்கூடாகக் குறைந்தது.

யாரை ரிலீவராக்குவது என்பது இதைவிட முக்கியம். எண்ணிக்கையை நிரப்பப் புதியவர்களை அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வயரிங் இணைப்பு, டேஷ்போர்டு, கதவு என்று எல்லாவற்றிலும் ஸ்கில் மேட்ரிக்ஸில் (யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற அட்டவணை) தேர்ச்சி பெற்றவரே அந்த இடத்துக்கு உரியவர். ஒரே ஸ்டேஷனில் நிற்பவரைவிட அவருக்குக் கூடுதல் ஊதியம் கொடுப்பதுதான் நியாயம்.

ஆட்களைவிட ஸ்டேஷன்கள் அதிகமாக இருந்த ஒரு சப்-அசெம்பிளிப் பிரிவில், 1990களில் ஆய்வாளர்கள் பார்த்தோல்டியும் ஐசன்ஸ்டைனும் ஆராய்ந்து எழுதிய 'பக்கெட் பிரிகேட்' முறையைப் பின்பற்றினோம். மெதுவாகச் செய்பவர் தொடக்கத்திலும் வேகமானவர் இறுதியிலும் நிற்க, கடைசி ஆள் தம் வேலையை முடித்ததும் பின்னோக்கி நடந்து முந்தையவரின் வேலையை வாங்கிக்கொள்வார். வேலையைக் கொடுத்தவர் தமக்கு முந்தையவரிடம் செல்வார். மேற்பார்வையாளர் தலையிடாமலேயே வேலை சமமாகப் பிரிந்தது. ஆனால் போல்ட்டை உரிய முறுக்குவிசைக்கு (டார்க்) முறுக்கிக்கொண்டிருக்கும்போது கைமாற்றக் கூடாது, முறுக்கி முடித்துக் குறியிட்ட பிறகே மாற்ற வேண்டும் என்ற விதியை நாங்கள் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.