கத்திரிக்காய்ப் பக்கத்தில் புடவை விளம்பரம், மூன்று மாதத்தில் 12 டாலர்

முள்ளுக்கத்திரி (அணைக்கட்டு)

வணக்கம். எங்கள் அப்பா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பயிரிடுகிறார். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் விதை எங்கே கிடைக்கும், நாற்று எப்போது விடுவது என்று யார் யாரோ போன் செய்ய ஆரம்பித்தார்கள். பதில் சொல்லி அலுத்துப்போய், "நீயே எழுதி நெட்டில் போட்டுவிடேன்" என்றார். அப்படித் தொடங்கியதுதான் என் இணையதளம். இப்போது மாதம் சுமார் 20,000 பார்வைகள். மூன்று மாதம் முன்பு ஆட்சென்ஸ் (நம் தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் சேவை) அனுமதி கிடைத்தது. சேர்ந்தது 12 டாலர்.

காய்ப்புழு பற்றிய பக்கத்தைத் திறந்தால் எனக்கு ஒரே புடவை விளம்பரமாக வருகிறது. "கத்திரிக்காய்க்குப் பட்டு கட்டிவிட்டாயா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அப்பா போனில் அதே பக்கத்தில் டிராக்டர்! நான் ஏதாவது தப்பாகப் பொருத்திவிட்டேனா? 10 டாலர் தாண்டியதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் எண் வரும் என்றார்கள். ஆறு வாரமாகியும் வரவில்லை.

அப்புறம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சித்தி மகன் காட்பாடிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறான். "அக்கா, எங்கள் ஹாஸ்டல் பிளாக்கில் அறுபது பேர், உங்கள் விளம்பரத்தில் தினமும் ஆளுக்கொரு கிளிக் போதுமா?" என்கிறான். மனசு வேண்டாம் என்கிறது, ஆனால் அறுபது பேராயிற்றே.

காட்பாடி ஜங்ஷன்

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம்.

நான் வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது, வாடகை எவ்வளவு, சமைத்துக்கொள்ள அறை கிடைக்குமா. அதை எழுதி வைத்ததுதான் என் தளம். முதலில் வேறொரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். லாட்ஜ் பையன்கள் என் மேல் இருந்த பாசத்தில் கிளிக் செய்து தள்ளினார்கள். எல்லாம் ஒரே வைஃபை. நான்காம் நாள் கணக்கை மூடிவிட்டார்கள், 74 டாலர் அதோடு போயிற்று. தப்பு எங்களுடையதுதான், அது யாரோ ஒரு வியாபாரி கட்டிய பணம். உங்கள் விளம்பரத்தை நீங்களே தொடுவதும் ஆபத்து.

புடவை விஷயத்தில் தப்பு ஒன்றுமில்லை. சமீபத்தில் எங்காவது புடவை பார்த்திருப்பீர்கள், அது பின்னாலேயே வருகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, பக்கம் திறக்கும் அந்த நொடியில் அப்படி ஓர் ஏலம் நடக்கிறது. பக்கம் எதைப் பற்றியது, படிப்பவர் எந்த ஊர், முன்பு எதையெல்லாம் பார்த்தார் என்பதைக் கணக்கில் வைத்து விளம்பரக்காரர்கள் விலை கேட்கிறார்கள். என் தளத்தில் கொல்கத்தாவில் இருப்பவருக்கு விமான டிக்கெட் காட்டும், சத்துவாச்சாரியில் இருப்பவருக்கு மே மாதத்தில் கல்லூரி அட்மிஷன் காட்டும். ஆனால் ஒருவருடைய நோயை வைத்து அவரைத் துரத்தக் கூடாது என்று கூகுள் விதி இருக்கிறது. எனக்கு அது நிம்மதி.

வருமானத்துக்கு வருவோம். 20,000 பார்வைக்கு மாதம் 4 டாலர், அதாவது ஆயிரத்துக்கு 20 சென்ட். 2018 பிப்ரவரியில்தான் ஆட்சென்ஸ் தமிழையே சேர்த்துக்கொண்டது. தமிழ்ப் பக்கத்துக்குப் போட்டி போடும் விளம்பரக்காரர்கள் இன்னும் குறைவு. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. என் தளத்தில் வேலூர்க் கோட்டையின் 1806 புரட்சி பற்றிய பக்கத்துக்குத்தான் கூட்டம் அதிகம், முக்கால்வாசி பள்ளிப் பிள்ளைகள். காசு சில்லறைதான். அதில் பாதிப் பேர்கூட வராத அறை வாடகைப் பக்கம் அதைப்போல ஐந்து மடங்கு தருகிறது. அங்கே வருகிறவர் இன்றைக்கே பணம் செலவழிக்கப் போகிறவர். உங்களிடம் சொட்டுநீர்ப் பாசனம், நிழல்வலை, பவர் டில்லர் பற்றிப் பக்கங்கள் இருக்கின்றனவா? அப்பாவுக்கு என்ன செலவானது, எது உடைந்தது என்று உள்ளதை எழுதுங்கள். புரட்சிப் பக்கத்தை நானும் எடுக்கவில்லை, அது கிடக்கட்டும்.

மக்கன்பேடா (ஆற்காடு)

பின் எண் சாதாரணத் தபாலில் வரும், பதிவுத் தபால் இல்லை. கதவு எண்ணைச் சரிபாருங்கள். எங்கள் தெருவில் பழைய எண், புதிய எண் இரண்டும் ஓடுகின்றன. போதாக்குறைக்கு 2019-இல் மாவட்டமே வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு மாறியது. எனக்கு இரண்டாவது தடவைதான் கையில் கிடைத்தது. முதல் எண்ணை அனுப்பி மூன்று வாரமாகியும் வராவிட்டால் மறுபடி கேட்கலாம். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், அசட்டையாக இருக்காதீர்கள். தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், எல்லாவற்றையும்விட அதுதான் வேலை செய்யும். 100 டாலர் சேர்ந்தால் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். வங்கிக் கிளையில் ஸ்விஃப்ட் கோடை (வெளிநாட்டிலிருந்து பணம் வர வேண்டிய வங்கிக் குறியீடு) இப்போதே கேட்டு வாங்குங்கள்.

குடியாத்தத்தான்

இந்தக் கணக்கில் 100 டாலர் சேர இரண்டு வருடம் ஆகும். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு நர்சரிக்காரரிடம் நேரில் பேசி, மாதம் 500 ரூபாய்க்கு அவர் விளம்பரத்தைப் போடுங்கள். கத்திரி நாற்று வாங்குகிறவர்கள்தானே உங்கள் வாசகர்கள்? இதைவிடக் குறிபார்த்த விளம்பரம் எது? மேலே 'விளம்பரம்' என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

காட்பாடி ஜங்ஷன்

யோசனை சரிதான். ஆனால் வசூல் இருக்கிறதே! நானும் இரண்டு லாட்ஜ்களிடம் பேசினேன். ஒருவர் ஒழுங்காகக் கொடுக்கிறார். இன்னொருவர் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கிறார்.

முள்ளுக்கத்திரி (அணைக்கட்டு)

எல்லோருக்கும் நன்றி. கதவு எண்ணுக்குப் பதில் மனை எண்ணைப் போட்டிருக்கிறேன்! திருத்திவிட்டு மறுபடி பின் எண் கேட்டிருக்கிறேன். தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, "அப்போ பிரியாணியும் கிடையாதா?" என்கிறான்.

நர்சரிக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சொட்டுநீர் போட எவ்வளவு ஆனது என்று அப்பாவைக் கேட்டேன். "மானியத்தோடு சொல்லவா, மானியம் போகச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, பரணில் இருக்கும் பழைய நோட்டை எடுக்க ஏணி தேடிக்கொண்டிருக்கிறார்.