களப் பயிற்சியில் இரவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஓட்டம், கயிறு ஏறுவது, சுடுவது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. அடுத்தது களப் பயிற்சி. பகலில் சமாளித்துவிடுவேன், இரவை நினைத்தால்தான் பயம். சும்மா பழகுவதற்காக ஒரு ராத்திரி வெளியே கூட்டிப்போனார்கள். பத்தடி தள்ளி நின்ற இன்ஸ்ட்ரக்டரை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணில் ஏதாவது கோளாறா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் (முன்னாள் இன்ஸ்ட்ரக்டர்):
தம்பி, மருத்துவப் பரிசோதனையில் தேறித்தானே வந்திருக்கிறாய்? அப்படியானால் பெரும்பாலும் கோளாறாக இருக்காது. அவர் நின்ற இடத்தையே உற்றுப் பார்த்திருப்பாய். விழித்திரையின் நடுவில் இருக்கும் கூம்பு செல்களுக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் நமக்கு உதவுவது அதைச் சுற்றியிருக்கும் கோல் செல்கள்தான். அதனால் நேராகப் பார்த்தால் பொருள் மறைந்துபோகும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். இதை இன்றைக்கே பழக ஆரம்பி.

கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு செல்போன் வெளிச்சம் போதும். வரைபடம் பார்க்க வேண்டுமானால் மங்கலான சிவப்பு விளக்கு, அதுவும் மழைக்கோட்டுக்கு அடியில். வானத்தில் ஃப்ளேர் (வெளிச்சக் குண்டு) கிளம்பும் சத்தம் கேட்டால் அது வெடித்து வெளிச்சம் தருவதற்குள் படுத்துவிடு. குறிபார்க்கும் கண்ணை மூடிக்கொள். வெளிச்சம் அணைந்த பிறகு அந்த ஒரு கண்ணாவது உனக்கு மிச்சமிருக்கும்.

அப்புறம் சத்தம். என் பையன்களை நான் அதிகம் விரட்டியது இதற்காகத்தான். புறப்படுவதற்கு முன் நின்ற இடத்திலேயே குதித்துப் பார். ரைபிள் வார் மாட்டும் வளையம், பையில் கிடக்கும் ஸ்பூன், எது கிலுகிலுத்தாலும் டேப் ஒட்டு, இல்லை துணி சுற்று. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வைக்காதே, அடிக்கு அடி தளும்பும். நிரப்பு, இல்லையென்றால் குடித்துக் காலி செய். அமைதியான இரவில் அந்தச் சத்தம் நீ நினைப்பதைவிட வெகுதூரம் போகும். கொஞ்ச தூரம் நடந்ததும் நில், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேள்.

இன்னொருவர்:
அண்ணன் சொன்னதோடு பாதத்தையும் பார்த்துக்கொள். ஓய்வு கிடைத்ததும் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ் மாற்று. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பூட்ஸை மட்டும் கழற்று.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ஐயா. காவலில் நிற்கும்போது தூக்கம் அழுத்தினால் என்ன செய்வது?

முன்னாள் இன்ஸ்ட்ரக்டர்:
எல்லோருக்கும் வரும், குறிப்பாக விடியலுக்கு முன்னால். வெளிச்சப் புள்ளி எதையும் முறைத்துக்கொண்டே இருக்காதே, கொஞ்ச நேரத்தில் அது நகர்வதுபோல் தோன்றும். பார்வையை இடம் மாற்றிக்கொண்டே இரு. படுத்திருந்தால் முழங்காலிட்டு உட்கார். காவல் நிற்பது இரண்டு பேர் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் மாறாமல் ஒருவர் பின் ஒருவராக மாறுங்கள். எப்போதும் ஒருவராவது தெளிவாக இருப்பார். தண்டனைக்குப் பயந்து விழித்திருக்காதே தம்பி. உனக்குப் பின்னால் ஒரு செக்‌ஷனே (உன் சிறு படைக்குழுவே) உன்னை நம்பித் தூங்குகிறது, அதற்காக விழித்திரு.

மாற்று ஆளை எழுப்பினால், அவன் எழுந்து உட்கார்ந்து உனக்குப் பதில் சொல்லும்வரை நகராதே. "ம்ம்" என்று முனகியதை நம்பி நீ போய்ப் படுத்தால் அவன் மறுபடி தூங்கிவிடுவான். உன் இடத்துக்கு அவனைக் கூட்டிவந்து, எதிரே தெரிவதில் எது புதர், எது பாறை, எந்தப் பக்கம் சத்தம் கேட்டது என்று சொல்லிவிட்டு அப்புறம் போய்ப் படு.