மறு: இயற்பியல் ‘ஆக்‌ஷன்’: ‘வினைத்தொகை’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்பியலில் ‘ஆக்‌ஷன்’ (action) என்ற அளவுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் ‘செயல்’, ‘ஆற்றற்காலம்’ என்று இரண்டு யோசனைகள் வந்தன. ‘செயல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு ஒரு சிக்கல். அதைப் பார்த்ததும் மாணவர்களுக்குச் ‘செயலுக்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு’ என்ற நியூட்டனின் மூன்றாம் விதிதான் நினைவுக்கு வரும். அங்கே இருப்பது விசை. இங்கே பேசுவது ஆற்றலைக் காலத்தோடு பெருக்கினால் வரும் அளவு, அலகு ஜூல்-நொடி. ஒரே பெயரில் இரண்டும் போனால் வம்புதான். (ஐரோப்பியரும் இதில் தடுமாறியவர்கள்தாம். ஆற்றல் அழியாமை பற்றி 1847இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியதன் தலைப்பில் இருக்கும் சொல் ‘கிராஃப்ட்’. இன்றைய ஜெர்மன் இயற்பியலில் அது விசை!)

‘ஆற்றற்காலம்’ அலகைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் காதுக்கு ஏதோ கால அளவுபோல இருக்கிறது. தவிர, இலங்கையில் ஆற்றலைச் சக்தி என்பார்கள். ஆற்றலா சக்தியா என்ற பழைய சண்டை மறுபடி ஆரம்பிக்கும்.

பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். ஒரு கிலோ கல்லை மேலே எறிந்து, 2 நொடியில் அதே இடத்தில் பிடிக்கிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றால் கல் 5 மீட்டர் ஏறி இறங்கும். கணத்துக்குக் கணம் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, 2 நொடிக்கும் தொகையிட்டால் சுமார் −33 ஜூல்-நொடி வருகிறது. இந்தத் தொகைதான் ஆக்‌ஷன். கல் கையிலேயே கிடந்திருந்தால் 0. அதே 5 மீட்டரைச் சீரான வேகத்தில் ஏறி இறங்கியதாகக் கற்பனை செய்தால் −25. அதே 2 நொடியில் பரவளையமாகவே 10 மீட்டர் போய் வந்தாலும் 0. உண்மையான பாதைக்குத்தான் எல்லாவற்றிலும் குறைவு. விசை என்ற பேச்சையே எடுக்காமல் நியூட்டனின் விடை கிடைத்துவிடுகிறது. (எப்போதும் சிறுமமாகவே, அதாவது மிகக் குறைந்த மதிப்பாகவே, இருக்கும் என்றில்லை, அதனால் பெயரில் ‘சிறும’ வேண்டாம்.)

ஆக, இது காலத்தின் மேல் எடுத்த தொகை. அப்படியானால் ‘வினைத்தொகை’ கையிலேயே இருக்கிறதே! ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய். மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. நம் கணக்கிலும் தொகையிட்ட பிறகு இடைப்பட்ட கணம் எதுவும் தனியாகத் தெரிவதில்லை. முழுப் பாதைக்கும் ஒரே எண்.

இலக்கணச் சொல்லாயிற்றே என்பீர்கள். வேதியியலிலும் வினை இருக்கிறது, இலக்கணத்திலும் இருக்கிறது. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

என் கவலை வேறு. குவாண்டம் இயற்பியலில் வரும், இதே ஜூல்-நொடி அலகுள்ள பிளாங்க் மாறிலியை ‘வினைத்தொகைத் துணுக்கு’ என்றால் வாயில் நுழையவில்லை. அங்கே மட்டும் ‘வினைத்துணுக்கு’ என்று சுருக்கலாமா?