ஈஆர்ஏ5 மழை 0.004 என்று வருகிறது: மாதாந்திரக் கண்காணிப்புக்கு எந்தத் தரவு?

கேள்வி:
ஓர் ஆற்றுப்படுகையில் மழையும் வெப்பநிலையும் மாதந்தோறும் இயல்பிலிருந்து (பல ஆண்டுச் சராசரியிலிருந்து) எவ்வளவு விலகுகின்றன என்று கணக்கிட வேண்டும். நிலையத் தரவில் விடுபட்ட நாட்கள் நிறைய. ஈஆர்ஏ5 (அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கடந்தகால வானிலையை மீட்டமைத்த உலகத் தரவு) மாதச் சராசரிக் கோப்பில் மழை 0.004, வெப்பநிலை 300 என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது? மழைக்கு இதையே நம்பலாமா?

பதில் 1:
கோப்பில் பிழையில்லை, அலகுதான் வேறு. மாதச் சராசரிக் கோப்பில் மழை 'நாளொன்றுக்கு இத்தனை மீட்டர்' என்று இருக்கும். 1000-ஆலும் அந்த மாதத்தின் நாட்களாலும் பெருக்குங்கள்: 0.004 × 1000 × 30 = 120 மி.மீ. எல்லா மாதத்துக்கும் 30 போட்டுவிட்டால் 28 நாள் பிப்ரவரி 7% கூடுதலாக வரும். வெப்பநிலை கெல்வினில் இருக்கிறது, 273.15 கழித்தால் 26.85 டிகிரி செல்சியஸ்.

மணிவாரித் தரவுக்குப் போனால் கவனம் தேவை. ஈஆர்ஏ5-இல் ஒவ்வொரு மதிப்பும் அந்த நேரத்தில் முடியும் ஒரு மணி நேர மழை. ஆகவே யுடிசி (உலகப் பொது நேரம்) நாளுக்கு 01 மணி முதல் மறுநாள் 00 மணி வரை கூட்ட வேண்டும். நிலப்பரப்புக்கு மட்டுமான ஈஆர்ஏ5-லேண்டிலோ மதிப்பு 00 யுடிசியிலிருந்து சேர்ந்துகொண்டே வரும். அங்கே 24 மதிப்பையும் கூட்டினால் மழை பல மடங்கு பெருகிவிடும்; மறுநாள் 00 மணி மதிப்பு ஒன்றே முழு நாள் மழை.

பதில் 2:
வெப்பநிலைக்கு ஈஆர்ஏ5 போதும். மலைப்பகுதியில் மட்டும் தரவுக் கட்டத்தின் (ஒரே மதிப்பு தரப்படும் சிறு பரப்பின்) சராசரி உயரத்தையும் நிலையத்தின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். மழைக்கு நான் தயங்குவேன்: அது கணினி மாதிரி கணித்த மழை, அளந்த மழை அல்ல. தூறல் நாட்கள் அதிகமாகவும் கனமழை குறைவாகவும் வருவது வழக்கம். மழைக்குச் சிர்ப்ஸ் என்ற தரவைப் பாருங்கள்: 1981 முதல் கிடைக்கும், 0.05 டிகிரி கட்டமுள்ளது, செயற்கைக்கோள் தரவையும் மழைமானிகளையும் சேர்த்தது. அதில் முதலில் வரும் தற்காலிகப் பதிப்பில் மழைமானிகள் குறைவு. இறுதிப் பதிப்பு வந்ததும் அந்த மாதத்தைக் கட்டாயம் மாற்றுங்கள்.

நிலையப் பதிவுகளிலிருந்து உருவாக்கிய சிஆர்யூ டிஎஸ் தரவு 1901-இலிருந்து இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அருகில் நிலையமே இல்லாத மாதங்களில் அது நீண்டகாலச் சராசரியை இட்டு நிரப்பும். விலகல் பூஜ்யமாகத் தெரியும், வறட்சி மறைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்:
1950 முதல் 1980 வரை ஈஆர்ஏ5, பிறகு சிர்ப்ஸ் என்று ஒட்டலாமா?

பதில் 3:
கூடாது. இரண்டின் சராசரியும் வேறு. ஒட்டிய ஆண்டில் ஒரு படி எழும்பும், அது காலநிலை மாற்றம்போலவே தோன்றும். ஒரே தரவில் 1991–2020 இயல்பைக் கணக்கிட்டு, விலகலையும் அதிலிருந்தே எடுங்கள். வறண்ட மாதங்களில் சதவீதம் ஏமாற்றும்: இயல்பு 3 மி.மீ. என்றால் 9 மி.மீ. மழையும் இயல்பில் 300% ஆகிவிடும். அங்கே மூன்று மாதக் கூட்டுத்தொகைக்கு எஸ்பிஐ (தரப்படுத்திய மழைக் குறியீடு) பாருங்கள்.

நிலையத் தரவைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎச்சிஎன்-டெய்லி (உலக நிலையங்களின் தினசரிப் பதிவுத் தொகுப்பு) மூலக் கோப்பில் மழை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கிலும், விடுபட்ட நாள் -9999 என்றும் இருக்கும். கூட்டும் முன் அதை நீக்குங்கள், பூஜ்யமாக மாற்றாதீர்கள். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டலில், ஒரு நாள் விடுபட்டாலும் அந்த மாத மழைக் கூட்டுத்தொகை செல்லாது. வெப்பநிலைச் சராசரிக்கு 11 நாட்களோ, தொடர்ந்து 5 நாட்களோ விடுபட்டால்தான் அந்த மாதத்தை விட வேண்டும்.