நடுச்சாமத்திலை சுஷி சாப்பிட்ட கதையள்

கொக்குவிலான்:
நேற்றிரவு பத்தரைக்கு ஸ்ரான்லி வீதியிலை ஒரு கொத்துக்கடை வாசல்லை போய் நிண்டனான். பெடியன் கல்லிலை தண்ணி ஊத்திச் சுரண்டிக்கொண்டு நிக்கிறான். "அண்ணை, எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ." வெறும் வயித்தோடை வந்து படுத்தால் நித்திரை வரேல்லை, டோக்கியோ ஞாபகம்தான் வந்தது.

2017 இலை மூண்டு கிழமைப் பயிற்சிக்குப் போனனான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கூட வந்தவங்கள் சுகிஜியிலை இருக்கிற சுஷி சன்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அந்தக் கடை அந்த நேரம் 24 மணித்தியாலமும் திறந்திருக்கும். அதின்ரை முதலாளிதான் பிறகு 2019 தை மாத ஏலத்திலை 278 கிலோ சூரை ஒண்டை 33.36 கோடி யென்னுக்கு எடுத்தவர், பேப்பரிலை படம் பாத்திருப்பியள். சரி அதை விடுங்கோ. அவங்கள் பதினொண்டரைக்குள்ளை சாப்பிட்டு முடிச்சுக் கடைசி ட்ரெயினுக்கு ஓடிட்டாங்கள். நான் வெள்ளிக்கிழமையளிலை மீன், மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு அடிக்கட்டும் எண்டு பச்சைத் தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு இருந்தனான். ட்ரெயினும் போச்சு. இனி விடிய அஞ்சு மணிதான்.

பன்னிரண்டு இருவதுக்குச் சுஷி பிடிக்கிற கிழவன் சோத்துக்கு மேலை பச்சை மீனை வைச்சு ஒரு துண்டைப் பிடிச்சு எனக்கு முன்னாலை வைச்சார். கடுஞ்சிவப்புச் சூரை, மேலை சோயா தடவி மினுங்குது. கையை நீட்டுறன், போன் அடிக்குது. அம்மா. ஊரிலை அப்ப இரவு எட்டு அம்பது, வெள்ளிக்கிழமை. "சாப்பிட்டியே தம்பி? மரக்கறிதானே?" "ஓமம்மா, மரக்கறிதான்." பிறகு பக்கத்து வீட்டுக் கலியாணம், கிணத்து மோட்டர் எண்டு நாலைஞ்சு நிமிசம் கதைச்சிட்டா. வைச்சிட்டுப் பாத்தால் கோப்பையிலை துண்டைக் காணேல்லை. கிழவன் அதை எடுத்து எறிஞ்சுபோட்டுப் புதுசாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். சோறு ஆறிப் போச்செண்டு கையாலை காட்டினார்.

அப்ப, அம்மாவுக்கு ஓமெண்டு சொன்ன நேரம் என்ரை வாயிலை மீன் படேல்லை. சொன்னது பொய்யோ இல்லையோ? அது வெள்ளியோ சனியோ? இத்தனை வருசமாக் கிடந்து அரிக்குது. உங்களுக்கும் இப்பிடி ஏதும் இருந்தால் எழுதுங்கோ.

வசாபி எண்ட அந்தப் பச்சை உறைப்புப் பசையைச் சட்னி எண்டு நினைச்சு முழுசா விழுங்கின கதையை மட்டும் ஒருத்தரும் எழுதாதேங்கோ. எல்லார் வீட்டிலையும் நடந்ததுதான்.

நல்லூர் மேற்கு ஐயா:
தம்பி, இதிலை யோசிக்க ஒண்டுமில்லை. எங்கடை நாள் சூரிய உதயத்திலை தொடங்கி அடுத்த உதயத்திலை முடியிறது. பன்னிரண்டு மணிக்கு நாள் மாறுறது வெள்ளைக்காரன் தந்த மணிக்கூட்டுக்கு. பஞ்சாங்கப்படி நீர் தின்னேக்கை டோக்கியோவிலையும் வெள்ளி, கொக்குவிலிலையும் வெள்ளி. இரண்டு பக்கத்தாலையும் பிழை.

நான் மீன் சுஷி சாப்பிட்டதுமில்லை, சாப்பிடப் போறதுமில்லை. ஆனால் மகள் மெல்பேர்ணிலை ஒருக்கா இரவு கூட்டிக்கொண்டு போனவள். ஓடுற பட்டியிலை சுஷிக் கோப்பையள் சுத்திச் சுத்தி வருது. முட்டை வைச்ச ஒரு கோப்பை என்னைத் தாண்டி நாலு தரம் போச்சுது. ஒருத்தரும் எடுக்கேல்லை. நாலாம் தரம் வரேக்கை எனக்கு அது மேலை ஒரு பரிதாபமே வந்திட்டுது. மருமகன் சொன்னார், இந்தப் பட்டி முறை 1958 இலை ஒசாகாப் பக்கம் தொடங்கினதாம், பியர்த் தொழிற்சாலையிலை போத்தல் போற பட்டியைப் பாத்து ஒருத்தருக்கு வந்த யோசினையாம். எங்களுக்கு 58 எண்டால் கலவர ஞாபகம். அவங்களுக்கு அந்த வருசம் பட்டியிலை சோறு போயிருக்கு.

ஸ்காபரோ அன்ரி:
ஐயா, பிள்ளையைப் பயப்பிடுத்தாதேங்கோ. அவன் பன்னிரண்டு மட்டும் தேத்தண்ணியோடை காத்திருந்ததே பெரிய விரதம்.

இஞ்சை நடுச்சாமச் சுஷி எண்டால் ஒரு விலைக்கு வயிறு முட்டத் தின்னுற கடைதான். மிச்சம் விட்டால் துண்டுக்குத் துண்டு காசு. மச்சாளின்ரை பிறந்தநாளுக்குப் பன்ரண்டு பேர் போனனாங்கள். பெடியள் அந்தத் தொடுதிரைப் பலகையிலை தட்டித் தட்டி எத்தினை ஓடர் பண்ணினாங்களோ தெரியேல்லை, மேசை நிறைய வந்து இறங்குது. கடை பூட்டப் போறாங்கள், மேசையிலை முப்பது துண்டு கிடக்கு. மச்சாள் கைப்பையைத் திறந்து ஒரு போத்தல் எடுத்தா. மோர் மிளகாய். பொரிச்சது! "இப்ப எல்லாரும் தின்னுங்கோ" எண்டா. நம்புங்கோ, ஒரு துண்டு மிஞ்சேல்லை. பில் கொண்டு வந்த பெட்டை அந்தப் போத்தலையே பாத்துக்கொண்டு நிண்டாள், கடைசியிலை அவளுக்கும் ரண்டு குடுத்தது.

இரவிலை போறவைக்கு ஒண்டு: சப்வே ஒண்டரையோடை முடிஞ்சிடும். பிறகு 300, 320 எண்டு நீல இரவு பஸ்தான்.

பாசையூரான்:
எங்கடை வீட்டுக் கதை வேறை. நாங்கள் மீன்பிடிக் குடும்பம். விடிய அஞ்சு மணிக்குக் கரையிலை மீன் வந்து இறங்கேக்கை அது இன்னும் துடிக்கும். அதைப் பச்சையாத் தின்ன வேணுமெண்டு மூண்டு தலைமுறையிலை ஒருத்தருக்கும் தோண்டேல்லை. போன ஆடியிலை ரொறன்ரோவிலை இருந்து ஒண்டைவிட்ட தம்பி வந்தான், தானே செய்யிறன் எண்டு நிண்டான். பாய் கொண்டு வந்தவன், கறுப்புப் பாசித் தாள் கொண்டு வந்தவன், அரிசி கொண்டு வர மறந்திட்டான். சம்பா அரிசியிலை உருட்டினால் ஒட்டுமே? பொலபொல எண்டு கொட்டுது. ஜப்பான் அரிசி குட்டையாப் பிசுபிசுக்கிற இனம், அது வேறை சாமான். கடைசியிலை வெள்ளைப் பச்சையைக் குழைய விட்டு, வினாகிரியும் சீனியும் போட்டு விசிறி விசிறி ஆற வைச்சான். பதினொண்டரையாச்சு. கரண்ட் வேறை நிண்டிட்டுது.

அம்மம்மா நித்திரையாலை எழும்பி வந்தா. லாம்பு வெளிச்சத்திலை சட்டியைத் தூக்கி மணந்து பாத்தா. "சோறு புளிச்சுப் போச்சு மோனை, இதை ஏன் வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டிட்டு, நாங்கள் வாயைத் திறக்க முதல் சட்டியோடை கொண்டு போய் மாட்டுக் கழனித் தண்ணி வாளியிலை கொட்டிப்போட்டா. தம்பி விசிறியோடை நிண்ட நிலையை இப்பவும் மறக்கேலாது. மீனை விடிய சொதி வைச்சது.

மாடும் அதைக் குடிக்கேல்லை எண்டதையும் சொல்ல வேணும்.

கொக்குவிலான்:
பாசையூரான், அம்மம்மா சொன்னதிலை பிழையில்லை. ஆதியிலை சுஷி எண்டது புளிச்ச சோறுதான். மீனை உப்பும் சோறுமாய் அடுக்கி மாசக் கணக்கிலை புளிக்க விட்டு, சோத்தை எறிஞ்சு மீனை மட்டும் தின்னுறது. பீவா ஏரிப் பக்கம் இப்பவும் செய்யினம். காத்திருக்கப் பஞ்சியிலை பிறகு வினாகிரியை விட்டுப் புளிப்பாக்கினது. கையாலை பிடிச்சு உடனை வைக்கிற துண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு எடோ நகரத்துத் (இப்பத்தைய டோக்கியோ) தெருச் சாப்பாடு. எங்கடை கொத்து மாதிரி எண்டு வையுங்கோவன்.

லாச்சப்பல் தம்பி:
எல்லாரும் தின்ன கதை எழுதுறியள். நான் பிடிச்ச கதை எழுதுறன்.

பாரிசிலை சுஷிக் கடையளின்ரை குசினியை எட்டிப் பாருங்கோ, கன இடத்திலை எங்கடை பெடியள்தான். சீன முதலாளி, ஜப்பான் பேர், தமிழ்க் கை. நான் ஒம்பது வருசம் நிண்டனான். முக்கால்வாசி போறது சால்மன். ஜப்பான்காரர் முந்தி அதைப் பச்சையாத் தின்னுறதில்லை, 1980களிலை நோர்வேக்காரர் வித்துப் பழக்கினது எண்டு பழைய செஃப் சொன்னவர். எங்கடை கடை சாமம் பன்னிரண்டரை மட்டும் திறந்திருக்கும். கதவு திறந்தால் தலையைக் குனிஞ்சு "இரஷ்ஷைமாசே!" எண்டு கத்த வேணும், முதலாளியின்ரை கட்டளை. நெத்தியிலை துணிப்பட்டி.

ஒரு மாரி இரவு, பதினொண்டு தாண்டிட்டுது. கதவு திறந்தது. கத்தினன். நிமிந்து பாத்தால் என்ரை கணக்கு வாத்தியார். ஓஎல்லுக்குப் படிப்பிச்சவர். பேரப் பிள்ளையளைப் பாக்க வந்திருப்பார் போலை, பேரன் ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கொண்டு வாறான். நான் பட்டியை இன்னும் கீழை இழுத்து விட்டன். ஏன் எண்டு கேக்காதேங்கோ. கை நடுங்கிக்கொண்டு மீனை வெட்டினன், சோத்தைப் பிடிச்சன், அடுக்கினன், அனுப்பினன்.

மூலையிலை இருந்து அவற்றை குரல் கேக்குது, வகுப்பிலை கேட்ட அதே குரல்: "ஆறு எண்டு எழுதியிருக்கு. அஞ்சுதான் இருக்கு. எண்ணிப் பார்."

நான் ஒண்டு பிடிச்சுக் கோப்பையிலை வைச்சுப் பரிமாறுற பெடியனிட்டைக் குடுத்தன். நிமிரேல்லை. அவை எழும்பிப் போகேக்கையும் "அரிகத்தோ" எண்டு நிலத்தைப் பாத்துத்தான் கத்தினன். கடைசி மெற்றோவிலை வீட்டை போனன். அவ்வளவுதான்.

A9 இரவு பஸ்:
தம்பி லாச்சப்பல்... பிறகு எழுதுறன், என்ரையை முதல் சொல்லிப்போடுறன்.

மனுசிக்கு நாலாம் மாசம். சத்தியும் மயக்கமும், ஒண்டும் இறங்குதில்லை. திடீரெண்டு சுஷி வேணுமாம், கலியாணத்துக்கு முதல் கொழும்பிலை வேலை செய்யேக்கை தின்னப் பழகினவள். கொழும்பிலை ஜப்பான் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நிஹொன்பாஷி எண்ட கடையே 1995 இலை இருந்து இருக்கு. அலுவலா அங்கை போயிருந்தனான், ஒரு பெட்டி வாங்கி, ரெஜிபோம் பெட்டிக்குள்ளை ஐஸ் போட்டு, வெள்ளவத்தையிலை இரவு பஸ் ஏறினன். சால்மன் எட்டு, வெள்ளரிக்காய் ரோல் ஆறு.

அநுராதபுரம் தாண்டினாப் பிறகு அவள் போன். பச்சை மீன் தொடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டாராம், வெள்ளரிக்காய் பரவாயில்லையாம். ஐஸ் கரைஞ்சு காலிலை ஒழுகுது. முறிகண்டியிலை பஸ் நிண்டது, சாமம் மூண்டரை. எல்லாரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினம், தேங்காய் உடைக்கினம். நான் யன்னல் கரைச் சீற்றிலை, பிள்ளையாருக்கு நேரை முன்னாலை, எட்டுத் துண்டு சால்மனையும் பெருவிரலாலை தள்ளித் தள்ளி விழுங்கினன். காசு குடுத்து வாங்கினதை எறிய மனம் வரேல்லை. தேங்காய் உடைக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டனான். நல்லூர் ஐயா, தயவுசெய்து என்ன கிழமை எண்டு கேக்காதேங்கோ.

வீட்டை போனால் ரோல் கல்லு மாதிரி. சோறு குளிரிலை இறுகிப் போச்சு. மனுசி அதைத் தேங்காய்ச் சம்பலோடை தொட்டுத் தொட்டு ஆறையும் தின்னாள். சத்தி எடுக்கேல்லை.

மிஸ்ஸி (ஓய்வுபெற்ற தாதி):
தம்பி A9, உமக்கு எத்தினை உயிர்? ஏழு மணித்தியாலம் கரைஞ்ச ஐஸிலை கிடந்த மீன்! நீர் தப்பினது பிள்ளையார் புண்ணியம், வேறை ஒண்டுமில்லை.

என்ரை அனுபவம் சின்னது. பெறாமகளின்ரை கலியாணத்துக்குக் கனடா போனநேரம் சாமம் ஒரு மணிக்கு ஒரு கடையிலை சுஷி. பிடிக்கிற பெடியன் கையுறை போட்டிருந்தான், நல்லது எண்டு நினைச்சன். அதே கையுறையோடை காசை எண்ணிக் குடுத்திட்டுத் திரும்பச் சோத்திலை கை வைச்சான். சாப்பிட்டன், ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் அந்தக் கையுறை கண்ணை விட்டுப் போகுதில்லை.

இப்ப எல்லாரும் கேளுங்கோ. ஒருத்தரும் கேக்கேல்லைத்தான், எண்டாலும் சொல்லுவன். கடல் மீனிலை அனிசாக்கிஸ் எண்டு நூல் மாதிரிப் புழு இருக்கும். பச்சையாத் தின்னுற மீனை மறை 20 பாகை செல்சியசிலை ஏழு நாள், இல்லாட்டி மறை 35 இலை உறைய வைச்சுப் பதினைஞ்சு மணித்தியாலம் விடவேணும் எண்டது அமெரிக்க விதி. எங்கடை வீட்டுப் பிறிட்ஜின்ரை மேல்தட்டு, கரண்ட் போய்ப் போய் வாற ஊரிலை, அந்தக் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்காது. ஆகவே பாசையூரான், "துடிக்கிற மீன்" எண்டு பெருமை பேசாதையும். துடிக்கிற மீனிலை புழுவும் துடிக்கும். வினாகிரி, தேசிக்காய், வசாபி ஒண்டும் அதைக் கொல்லாது. அம்மம்மா கொட்டினது சோத்தை, அவ மீனையும் சொதி வைச்சு உங்களைக் காப்பாத்தியிருக்கிறா.

இன்னொண்டு சூரைக்கு. வெயிலிலை கிடந்த சூரையிலை ஹிஸ்ரமின் ஏறும். தின்னக் கொஞ்ச நேரத்திலை முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். அதைப் பொரிச்சாலும் அவிச்சாலும் போகாது. நாக்கிலை மிளகு மாதிரிச் சுரீரெண்டால் துப்பிப்போடுங்கோ. வார்ட்டிலை இப்பிடி வந்தவை எத்தினை பேரைப் பாத்திருக்கிறன், ஒருத்தரும் சுஷி தின்னேல்லை, எல்லாம் எங்கடை குழம்புதான்.

பிள்ளைத்தாச்சியள் பச்சை மீன் தொடவே கூடாது. டொக்டர் சொன்னது சரி. சாமத்திலை கடைக்குப் போறதெண்டால் ஆள் குறைஞ்ச கடையிலை இருக்காதேங்கோ, மீன் கெதியாப் போற கடையிலை இருங்கோ. மீன் வெட்டிற மேசையைப் பாருங்கோ, துணியைப் பாருங்கோ. கையுறையைப் பாக்காதேங்கோ.

நல்லூர் மேற்கு ஐயா:
மிஸ்ஸி சொன்னதுக்குப் பிறகு வெள்ளரிக்காய் ரோல்தான் எல்லாக் கிழமைக்கும் பொருத்தம்.

A9 தம்பி, முறிகண்டியான் கோவிக்கமாட்டார். கொக்குவில் தம்பிக்கு மட்டும் இன்னொருக்கா: உதயம் மட்டும் வெள்ளி.

கொக்குவிலான்:
ஐயா, அப்ப டோக்கியோவிலை உதயம் எங்களுக்கு முதலே வருமே. சனி அங்கை முதல் பிறக்கும். அதைக் கணக்கிலை எடுக்கேலாதோ?

நல்லூர் மேற்கு ஐயா:
பன்னிரண்டு இருவதுக்கு அங்கையும் இருட்டு. எடுக்கேலாது.

ஸ்காபரோ அன்ரி:
லாச்சப்பல் தம்பி, உங்கடையை வாசிச்சிட்டு மூண்டு தரம் திரும்ப வந்திட்டன். அந்த வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடம்? எங்கடை அண்ணையும் கணக்குத்தான் படிப்பிச்சவர், பாரிசிலை மகள் இருக்கிறாள். ஒருக்கா வந்து சொன்னவர், சாமத்திலை ஒரு கடையிலை சாப்பிட்டனான், பிடிச்ச பெடியன்ரை கை ஊர்க் கை மாதிரி இருந்தது எண்டு.

லாச்சப்பல் தம்பி:
பள்ளிக்கூடம் சொல்லமாட்டன் அன்ரி.

அவர் வேறை ஏதும் சொன்னவரோ?