பொருள்: நாயோடு மலைநடை – சொல் தேவை

வணக்கம். சுவிஸ் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பெரிய சென் பேர்னாட் கணவாயில் (2469 மீட்டர்) பராமரிப்பாளர் முன்செல்ல, சென் பேர்னாட் இனப் பெருநாய்களோடு போகும் நடைக்கு என்ன சொல்? இப்போதைக்கு ‘மீட்புநாய் நடை’.
– க.

‘மீட்பு’ பொருந்தாது, அது இவற்றின் பழைய வேலை. 19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்து இனத்தோடு கலந்ததில் முடி நீண்டது. பனி அதில் கட்டிகட்டியாக உறைந்து நாயையே இழுத்தது. இன்று பனிச்சரிவில் தேடுபவை ஹெலிகொப்டரில் எளிதாக ஏற்றக்கூடிய சிறிய நாய்கள். சென் பேர்னாட் நாய்களை வளர்த்தது கணவாயில் துறவியர் நடத்தும் வழிப்போக்கர் சத்திரம், ‘சத்திரத்துநாய்’ என்க.
– த.

சத்திரத்துநாய் என்றால் எச்சில் இலைதான் நினைவுக்கு வரும்! ‘ஞமலி ஆற்றுப்படை’ என்பேன்; ஞமலி என்றால் நாய். பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும், விடிந்தபின் போங்கள் என்று மலைபடுகடாம் என்ற சங்க ஆற்றுப்படை வழி சொல்லவில்லையா? மேலும், அச்சத்திரத்தின் பழைய வழிகாட்டிகளுக்கு ‘மரோனியே’ என்று பெயர். மரோன், மறவன்: ஒலியொப்புமையைக் கவனிக்க.
– பு.

> மரோன், மறவன்

ஐயா, பிரெஞ்சில் ‘மரோனியே’ என்ற சொல்லுக்குக் கஷ்கொட்டை மரம் என்றும் பொருள் உண்டு. அதையும் மரவன் என்பீர்களோ? அது கிடக்கட்டும். ஆற்றுப்படையில் பரிசில் பெற்றவன் வழி சொல்லுவான், கூட வரமாட்டான். இங்கே கூட வருவதுதான் செய்தி.
– த.

அதோட ஆற்றுப்படுத்தல் எண்டால் எங்கட பக்கம் உளவள ஆலோசனை. நாய்க்கு மனக்கவலை எண்டு பிள்ளைகள் நினைப்பினம். ‘உடன்நடை’ போதும்.
– ச.

உடன்கட்டை நினைவு வருகிறதே? உடன்பாடு, உடன்பிறப்பு இருக்கிறபடியால் விடுகிறேன். நாயின் மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டைக்குச் ‘சேணம்’ சரியா?
– க.

சேணம் என்று எழுதினால் ஏறி உட்காரப் பார்ப்பார்கள். ‘மார்புப்பட்டை’. கழுத்துப்பட்டையில் இழுத்தால் மூச்சு முட்டும். மார்பில் பூட்டினால் இழுவை பரவும். வாரைக் கையில் சுற்றக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: நாய் 60, 70 கிலோ, திடீரென்று திரும்பினால் விரல் நசுங்கும், பிள்ளை விழும். வெயில் ஏறினால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் வைக்கவேண்டும்; தடித்த முடிக்காரன், மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிப்பான். கழுத்தில் பிராந்திப் பீப்பாய் படம் வேண்டாம், அது ஓவியர் கற்பனை.
– த.

சரி: ‘சென் பேர்னாட் நாயோடு உடன்நடை’. மூன்று பேர் ஒப்புதல்.
– க.

‘நாயோடு’ இருக்கும்போது ‘உடன்’ எதற்கு? கூறியது கூறல். என் மறுப்பைப் பதிவு செய்க.
– பு.